மலையகத்தில் தண்ணீர் யார் கையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் பில் கூடும்போதும், "மறுசீரமைப்பு" என்ற சொல் செய்தியில் அடிபடும்போதும் இலங்கை மலையகத்தில் நம் பக்கத்தில் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. தண்ணீரைத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறார்களா? கொடுத்தால் நல்லதா, கெட்டதா? தேயிலைத் தோட்டத்து மக்கள் நிலை என்ன? நண்பர்களும் வாசகர்களும் அதிகம் கேட்டவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எனக்கென்று ஒரு பக்கச் சாய்வு உண்டு, அது பதில்களில் தெரியும்.

இப்போது மலையகத்தில் தண்ணீர் கொடுப்பது யார்?

ஒருவர் இல்லை, நாலு பேர். கண்டி நகருக்குள் மாநகர சபை தானே தண்ணீர் கொடுக்கிறது. கெட்டம்பேயில் மகாவலியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து விநியோகிக்கிறது. நகரத்தைத் தாண்டினால், கட்டுகஸ்தோட்டையில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் எல்லை வந்துவிடும். நுவரெலியா மாநகர சபைக்கும் சொந்த நீர் வழங்கல் உண்டு.

கிராமப்புறங்களில் பல இடங்களில் ஊர்ச் சங்கமே திட்டத்தை நடத்துகிறது. ஊற்றுக்குத் தொட்டி கட்டி, குழாய் போட்டு, வீட்டுக்கு மீற்றர் வைத்து, மாதாமாதம் காசு சேர்ப்பதும் சங்கம்தான். 1990களில் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி உதவியுடன் இந்தத் திட்டங்கள் பரவின. இவற்றைப் பார்த்துக்கொள்ள 2014இல் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களம் என்று தனியாக ஒன்றும் அமைக்கப்பட்டது.

நாலாவது, தோட்டம். அதற்குத் தனிக் கேள்வி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

தனியார்மயம் என்றால் ஆற்றையே விற்றுவிடுவதா?

அப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒப்பந்தம்தான், அதிலும் பல படிகள் உண்டு. பில் அடிப்பதையும் மீற்றர் வாசிப்பதையும் மட்டும் கம்பனியிடம் கொடுப்பது ஒரு படி. ஐந்தாறு வருடத்துக்கு நிர்வாகத்தை ஒப்படைப்பது அடுத்தது. குழாயும் நிலையமும் அரசிடமே இருக்க, 20, 25 வருடத்துக்கு முதலீடு, பராமரிப்பு, வசூல் எல்லாவற்றையும் கம்பனியே செய்வது இன்னும் மேலே. எல்லாவற்றையும் முழுதாக விற்றது இங்கிலாந்தும் வேல்ஸும், 1989இல். உலகில் வேறு யாரும் அந்த வழியில் பெரிதாகப் போகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "தனியார்மயம் இல்லை, வெறும் பங்காளித்துவம்தான்" என்று மேடையில் ஒருவர் சொன்னால், எந்தப் படி என்று கேட்க வேண்டும். எத்தனை வருடம், கட்டணத்தைத் தீர்மானிப்பது யார், நட்டம் வந்தால் யார் தலையில் விழும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே பாதி வெளிச்சம் வந்துவிடும்.

இலங்கையில் இதற்கு முன் முயற்சி நடந்ததா?

நடந்தது. 2003இல் நீர் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் என்று ஒன்று வந்தது. தனியார் கம்பனிகளும் உரிமம் பெற்று நீர் வழங்க அது வழி திறந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாகாண சபைகளின் கருத்தைக் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது, சட்டமூலம் அத்தோடு நின்றுபோனது.

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரில் கொண்டுவரவில்லை. ஆனால் கதை மட்டும் முடிந்தபாடில்லை.

தோட்டத்துத் தண்ணீர் அரசுடையதா, தனியாருடையதா?

இதுதான் என்னைக் கேட்டால் மலையகத்தின் உண்மையான கேள்வி. கொழும்பில் உட்கார்ந்து "தண்ணீர் தனியாருக்குப் போகக் கூடாது" என்று முழங்குபவர்களுக்கு, பரம்பரை பரம்பரையாகத் தண்ணீருக்குத் தோட்ட நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்து வாழும் மக்கள் இருக்கிறார்கள் என்பது ஞாபகம் வருவதில்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், காட்டிய பீலி என்ற ஊற்றுக் குழாயில்தான் லயம் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் சனம் தண்ணீர் பிடித்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது, பிறகு அது நீண்டகாலக் குத்தகையாக மாறியது. காணி அரசுடையது, நடத்துவது கம்பனி. வீடமைப்பு, சுகாதாரம், தண்ணீர் போன்ற நலன்புரி வேலைகளைப் பார்க்க அதே 1992இல் ஒரு நிதியமும் வந்தது. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம்.

இதில் உள்ளூராட்சி எங்கே? பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானவை. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டம் தனியார் இடம், அங்கே சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று 30 வருடம் கையை விரித்தார்கள். வாக்கு மட்டும் தோட்டத்திலிருந்து வரலாம், குழாய் அங்கே போகக் கூடாது! 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு பெரிய பிரதேச சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை சபைகளும் செயல்படத் தொடங்கின.

களத்தில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். மேல்மலையில் டர்பன்டைன் மரக்காட்டுக்குக் கீழே ஒரு கொங்கிரீட் தொட்டி. மூடி எப்போதோ உடைந்திருக்கும், அதற்குப் பதில் ஒரு தகரம், தகரம் பறக்காமலிருக்க மேலே ஒரு கல். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் கறுப்பாகச் சேறும் இலையும். அங்கிருந்து ஒரு கறுப்பு ஹோஸ் பைப் தேயிலைச் செடிக்கு மேலாகவே இறங்கும். ஒட்டுப் போட்ட இடங்களில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றியிருப்பார்கள். மழை பெய்தால் கலங்கல், வெயில் அடித்தால் காற்று. பணிய லயத்துக்கு வந்து சேரும்போது மேட்டு லயம் எவ்வளவு பிடித்தது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம். மீற்றர் இல்லை, பில் இல்லை, குளோரின் இல்லை. பழுதானால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்ல வேண்டும், தலைவர் துரையிடம் சொல்ல வேண்டும், துரைக்கு மனம் வர வேண்டும்.

இது அரச சேவையா? இல்லை. ஒப்பந்தமும் கட்டணமும் தரக் கட்டுப்பாடும் உள்ள தனியார் சேவையா? அதுவும் இல்லை. எழுத்தில் யாருக்கும் கடமை இல்லாத ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். எல்லாத் தோட்டமும் இப்படி என்று சொல்லவில்லை. நல்ல திட்டம் போட்டு ஒழுங்காக நடத்தும் இடங்களும் உண்டு. ஆனால் அது அந்தந்த நிர்வாகத்தின் நல்ல மனதைப் பொறுத்தது, துரை மாறினால் அதுவும் மாறலாம்.

வேறு நாடுகளில் தனியாரிடம் கொடுத்து என்ன ஆனது?

இரண்டு விதமாகவும் ஆனது. மணிலாவை எடுங்கள். 1997இல் நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்து இரண்டு கம்பனிகளுக்கு 25 வருடச் சலுகை ஒப்பந்தம் (நான் மேலே சொன்ன மூன்றாவது படி) கொடுத்தார்கள். கிழக்கில் கசிவு குறைந்தது, ஏழைக் குடியிருப்புகளுக்கும் குழாய் போனது. மேற்குக் கம்பனி சில வருடங்களில் கடனில் மூழ்கி, அரசே வாங்கி வேறு கைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பழைய நீர் நிறுவனத்தின் வெளிநாட்டுக் கடனில் பத்தில் ஒன்பது பங்கு மேற்கின் தலையில் கட்டப்பட்டிருந்தது. கையெழுத்திட்ட அதே வருடத்தில் ஆசிய நிதி நெருக்கடி வந்து பெசோவின் மதிப்பு விழுந்தது. டொலரில் கடன், உள்ளூர்ப் பணத்தில் வருமானம். 2022 பொருளாதார நெருக்கடியைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஜகார்த்தாவும் 1997இல் இரண்டு கம்பனிகளுடன் கையெழுத்திட்டது. வழக்கும் எதிர்ப்புமாகவே இழுபட்டு, 2023இல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நகரமே சேவையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பாரிஸ் 2010இல் மாநகரக் கைக்குத் திரும்பியது, அடுத்த வருடமே கட்டணத்தை 8 வீதம் குறைத்தது. இங்கிலாந்துக் கம்பனிகளை விற்றபோது அவற்றின் பழைய கடனை அரசு துடைத்துக் கொடுத்தது. இன்று அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 6,000 கோடி பவுணுக்கு மேல் கடன். பக்கத்து ஸ்கொட்லாந்து விற்கவே இல்லை, அங்கேயும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

நமக்கு அதிகம் பாடம் சொல்லும் ஊர் பொலிவியாவின் கொச்சபம்பா என்பேன். அதுவும் மலை நாடு. 1999இல் ஒரு வெளிநாட்டுக் கூட்டுக் கம்பனிக்கு நகர நீரைக் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. மக்கள் தாங்களே தோண்டிய கிணறுகள், சங்கம் சேர்ந்து போட்ட குழாய்கள், இவையும் அந்தச் சலுகை எல்லைக்குள் வந்துவிடும்படி சட்டம் எழுதப்பட்டிருந்தது. ஊர் கொதித்தது, 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. நம் கிராமச் சங்கங்களும் தோட்டத்து ஊற்றுகளும் அதே மாதிரிச் சட்டத்தில் எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் அரசிடம் இருந்தாலே சரிதானே?

அதுவும் அவசரமான முடிவு. பண்டாரவளைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். உமா ஓயா ஆற்று நீரைச் சுரங்கம் வழியாகத் திருப்பி மின்சாரம் எடுக்கும் திட்டம் முழுக்க அரசின் திட்டம். சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உள்ளே பீறிட்டு, மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டு 120 மெகாவாட் மின்சாரம் தருகிறது. கிணறு வற்றிய வீட்டுக்காரருக்கு, செய்தது அரசா கம்பனியா என்பதில் என்ன ஆறுதல்?

கேலிக்குரிய இன்னொன்றும் உண்டு. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் அந்தக் களனியிலிருந்து எடுக்கப்படுகிறது. அது உற்பத்தியாகும் மலையில் உள்ளவர்கள் குடத்தோடு நிற்கிறார்கள். இந்த நிலைமையை எந்தக் கம்பனியும் உருவாக்கவில்லை.

மறுபக்கம், அரச நிறுவனமே நன்றாக நடத்திக் காட்டியதும் உண்டு. கம்போடியாவின் புனோம் பென்னில் 1993இல் சுத்திகரித்த நீரில் 72 வீதம் கசிவிலும் களவிலும் போனது. எக் சோன் சான் என்ற பொறியியலாளர் பொறுப்பெடுத்தார். எல்லா இணைப்புக்கும் மீற்றர் வைத்தார், கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பை வெட்டினார். இணைப்பை வெட்டப் போன இடத்தில் ஓர் இராணுவத் தளபதி துப்பாக்கியை நீட்டியதாகவும், அவர் ஆட்களோடு திரும்பி வந்து வெட்டியதாகவும் சொல்வார்கள். இழப்பு பிறகு 6 வீதமளவுக்கு இறங்கியது. 2006இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அரச நிறுவனம்தான், ஆனால் யார் சிபாரிசுக்கும் வளையாத அரச நிறுவனம். நம் நீர்ச் சபையில் வருமானம் தராமல் போகும் நீர் ஏறத்தாழ கால் பங்கு.

பில் ஏன் இவ்வளவு கூடியது? தனியார் வந்தால் குறையுமா?

2012க்குப் பிறகு பத்து வருடம் நீர்ச் சபை கட்டணத்தைத் தொடவில்லை. தேர்தல் வரும், போகும், யாருக்கும் துணிவில்லை. இடையில் கடன் வாங்கித் திட்டங்கள் போடப்பட்டன, மின் கட்டணம் ஏறியது, ரூபா விழுந்தது. பிறகு 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் அடுத்தடுத்து ஏற்றினார்கள். 2024 ஓகஸ்டில் வீட்டுப் பாவனைக்கு 7 வீதம் குறைத்தார்கள். பத்து வருடம் தள்ளிப்போட்டதைப் பத்துப் பதினொரு மாதத்தில் கட்டச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும்.

தனியார் வந்தால் குறையும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. கசிவைக் குறைத்தால் செலவு குறையும், உண்மை. ஆனால் அந்த மிச்சம் பில்லில் இறங்குமா, பங்கு இலாபமாகப் போகுமா என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும்.

மலையில் தண்ணீர் கொடுப்பது ஏன் வேறு கணக்கு?

ஊற்று மேலே இருந்தால் மலை நமக்கு நண்பன். மின்சாரமே தேவையில்லை, தண்ணீர் தானாக இறங்கும். ஆனால் ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் குழாயில் ஒரு பார் அழுத்தம் கூடும். 150 மீற்றர் இறக்கம் என்றால் 15 பார், சாதாரணக் குழாய் வெடித்துவிடும். இடையில் அழுத்தம் உடைக்கும் தொட்டிகள் கட்ட வேண்டும். ஆற்றிலிருந்து மேலே ஏற்றுவதென்றால் பம்புக்கு மின்சாரம், ஒவ்வொரு நாளும். அதோடு வீடுகள் சிதறிக் கிடக்கும். கொழும்பில் ஒரு கிலோமீற்றர் குழாயில் எத்தனையோ வீடு, இங்கே அதே கிலோமீற்றரில் இரண்டு லயம்.

அதனால்தான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர்ச் சபையின் கட்டணம் நாடு முழுக்க ஒன்றுதான். மேற்குக் கரையோரத்தில், செலவு குறைந்த பெரிய திட்டங்களில் வரும் வருமானம், மலையிலும் வறண்ட பகுதியிலும் உள்ள நட்டத் திட்டங்களைத் தாங்குகிறது. இலாபமான நகரங்களைத் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தால், மிச்சமாகிக் கிடப்பது நாம்தான். கொழும்பை எடுக்கக் கம்பனி வரிசையில் நிற்கும். அக்கரப்பத்தனைக்கு யார் வருவார்கள்?

மண்சரிவு இன்னொரு செலவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டியையும் நுவரெலியாவையும் பதுளையையும் எப்படிப் புரட்டிப்போட்டது என்று பார்த்தோம். அந்த மாதிரி நேரத்தில் திருத்தும் செலவு யாருடையது என்பது எந்த ஒப்பந்தத்திலும் முதலில் வாசிக்க வேண்டிய பந்தி.

கண்காணிப்பு யார் செய்கிறார்கள்?

பெயரளவில், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மின்சாரத்தோடு தண்ணீரையும் அதன் பட்டியலில் போட்டது. ஆனால் நீர்ச் சபையை 1974ஆம் ஆண்டு உருவாக்கிய சட்டம் அதற்கு ஏற்ற மாதிரி மாற்றப்படாததால், மின் கட்டணத்தில் கேட்பதுபோல் தண்ணீர்க் கட்டணத்தில் கேள்வி கேட்க ஆணைக்குழுவுக்குப் பல்லில்லை. பல் முளைக்காமல் தனியாரை உள்ளே விடுவது புத்தியில்லை. அரசிடமே இருக்கட்டும் என்றாலும் அந்தப் பல் தேவை. நான் சபையின் பக்கம் சாய்ந்தவன், ஆனால் சபை தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்வதை ஏற்கும் அளவுக்கு இல்லை.

தரத்துக்கு அளவுகோல் உண்டு: எஸ்எல்எஸ் 614 என்ற குடிநீர்த் தரம். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நகரக் குழாய் நீர் அதன்படி சோதிக்கப்படுகிறது. தகரம் மூடிய தொட்டியை யார் சோதிப்பது? செங்கண்மாரியும் வயிற்றோட்டமும் வந்த பிறகுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏறி வருவார்.

தோட்டத்திலும் சங்கம் வைத்து நாமே நடத்தினால் என்ன?

எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. சங்கம் நடத்தினால் மேட்டு லயம் பணிய லயம் சண்டைக்கு மீற்றர் பதில் சொல்லும். மாதம் சிறு தொகை சேர்ந்தால் வால்வு மாற்றலாம், தண்ணீர்க்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம், குளோரின் வாங்கலாம். இடைஞ்சல் எங்கே என்றால், ஊற்றும் தொட்டியும் குழாய் போகும் பாதையும் தோட்டக் காணியில். எழுத்தில் உரிமை இல்லாமல் சங்கம் செலவு செய்வது, அடுத்தவன் வளவில் வீடு கட்டுவது போல. மேலே விறகுக்காக மரம் நட்டாலும், மரக்கறித் தோட்டம் போட்டு மருந்தடித்தாலும் சங்கத்தால் தடுக்க முடியாது. அதனால் முதலில் கேட்க வேண்டியது ஊற்றையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் பிரதேச சபையின் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ எழுதித் தரச் சொல்லி. பிறகுதான் குழாய்.

இன்னொன்று. நாள் சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவரிடம் முழுச் செலவையும் வாங்கக் கூடாது. கட்டுமானச் செலவு அரசுடையது, நடத்தும் செலவில் ஒரு பங்கு நம்முடையது. இந்தப் பிரிவு நியாயமானது என்று நினைக்கிறேன்.

போத்தல் தண்ணீரும் பவுசரும் தனியார்மயம் இல்லையா?

ஒருவகையில் அதுதான், யாரும் சட்டமூலம் போடாமலே வந்தது. குழாய் நம்பிக்கையை இழக்க இழக்க இது வளரும். லீற்றர் கணக்கில் பார்த்தால் எந்தச் சபைக் கட்டணமும் இதன் பக்கத்தில் நிற்காது.

எங்கள் லயத்துக்கு ஒழுங்காகத் தண்ணீர் வருவதில்லை. யாரைப் பிடிப்பது?

தோட்ட அலுவலகத்தில் வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள், கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அதே கடிதத்தை உங்கள் பிரதேச சபைத் தவிசாளருக்கும், பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். "தோட்டத்துக்குள் எங்களால் வர முடியாது" என்று சபையில் யாராவது சொன்னால், 2018 திருத்தத்தை ஞாபகப்படுத்துங்கள். இன்றும் பழைய பாட்டையே பாடுபவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீரின் தரத்தில் சந்தேகம் என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் கேட்டு, மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள், முக்கியமாக மழை தொடங்கும் வாரங்களில்.

உங்கள் தோட்டத்தின் பெயரில் ஏதாவது நீர்த் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டதா, வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். தராவிட்டால் அதே நிறுவனத்தில் குறித்தொதுக்கப்பட்ட அதிகாரியிடமும், அதற்கு மேல் தகவல் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: எந்த வருடம், எவ்வளவு தொகை, கொந்தராத்து யாருக்கு, வேலையை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டது யார்.